ஏழு பேரின் கல்லுக்கு வடைமாலை

குண்டு போடும் விமானம் என்றால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. யாழ்ப்பாணத்தில் பதுங்குகுழிக்குள் காதைப் பொத்திக்கொண்டு வளர்ந்தவள் நான். இங்கிலீஸ்காரரின் நாட்டுக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா, தன் அப்பா இரண்டாம் உலகப் போரில் குண்டு விமானத்தில் போனவர் என்று முதன்முதல் சொன்னபோது, ‘ஆரின்ரை தலையிலை போட்டாரோ’ என்றுதான் மனதுக்குள் திட்டினேன். என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டாரோ என்னவோ, அவரே சொன்னார்: “யார் மேல் போட்டார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயம்.” அதற்குப் பிறகு அவரோடு என்னால் கோபிக்க முடியவில்லை.

அடிபட்டுத் திரும்பி வந்த அவருடைய அப்பாவின் விமானம், இறங்கவேண்டிய இடத்தை எட்டாமல், எங்கள் பக்கத்தில் ஒரு வயலில் விழுந்து எரிந்துபோனது. உள்ளே ஏழு பேர். ஒருவரும் தப்பவில்லை. அப்போது இவர் தாயின் வயிற்றில். அப்பாவில் புதைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. விழுந்த இடத்தில் அயலவர்கள் ஒரு கருங்கல்லை நட்டு, ஏழு பெயரையும் வெட்டிவைத்தார்கள். அப்பா என்று இவருக்கு இருப்பது அந்தக் கல் மட்டும்தான். வருடாவருடம் அந்த நாளில் பூவோடு போவார். இடுப்பு முறிந்து இரண்டு வருடம் போக முடியாமல் இருந்தார். இந்த முறை என்னைக் காரில் கூட்டிப்போகச் சொன்னார். ரெய்னர்ஸ் லேன் கடைத்தெருவில் பூ வாங்கிக்கொண்டு போனோம்.

வயல் எப்போதோ போய்விட்டது. அங்கே பிறகு வந்த கிளப்பையும் இந்த இரண்டு வருடத்துக்குள் எங்கள் ஆட்கள் வாங்கிக் கல்யாண மண்டபம் ஆக்கியிருந்தார்கள். கார் விடும் இடத்து மூலையில், மரத்தடியில் கல். போய்ப் பார்த்தால், ஐயோ கடவுளே! சந்தனம், குங்குமப் பொட்டு, வடைமாலை. முன்னால் சிதறுதேங்காய்ச் சிரட்டைகள். மரத்தடியில் கருங்கல் நின்றால் எங்கள் சனத்துக்கு அது வைரவர் சாமிதானே! எழுத்துள்ள பக்கம் வேலியைப் பார்த்தபடி இருந்தது. சுற்றிப்போய்ப் பார்க்க ஒருவருக்கும் பஞ்சி, அவ்வளவு சோம்பல்.

“இது என்ன?” என்று கேட்டார் பக்கத்து வீட்டம்மா. என்னத்தைச் சொல்ல? அந்த நேரம் பார்த்து மேளத்தோடு மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்க, ஒருவன் தேங்காயைத் தலைக்கு மேலே ஓங்கினான். “டேய், நில்லடா!” என்று நான் போட்ட சத்தத்தில் மேளமே நின்றுபோனது.

மண்டபத்துக்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். எனக்குத் தெரிந்த மனிதர்தான்.

“என்னக்கா, நல்ல காரியம் நடக்கேக்கை?”

“உது வைரவர் இல்லை. பிளேன் விழுந்து செத்த ஏழு பேரின்ரை கல்லு. பின்னாலை போய் வாசியும்.”

போய் வாசித்தார். வெட்கப்படுவார் என்று பார்த்தால், தலையில் அடித்துக்கொண்டார். “குண்டு போட்டவங்களையோ இவ்வளவு நாளும் கும்பிட்டனாங்கள்! நாளைக்கே புடுங்கிவிடுறன். ரண்டு கார் விடலாம்.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சாமி என்றால் வடைமாலை, செத்த மனிதர் என்றால் கார் விட இடமா? இதைச் சொல்கிறவர் யார்? தம்பியைப் போரில் பறிகொடுத்தவர். ஊரில் அந்தத் தம்பியின் கல்லறையை ஆமிக்காரர் புல்டோசர் விட்டு இடித்ததை, கார்த்திகை மாத நினைவுக் கூட்டங்களில் மைக்கைப் பிடித்துச் சொல்லிச் சொல்லி அழுகிறவர். கேட்டு நானும் பைத்தியம் மாதிரி அழுதிருக்கிறேன், விசரி!

“அவர் என்ன சொல்கிறார்?” என்று பக்கத்து வீட்டம்மா என்னைக் கேட்டார்.

நான் மண்டபத்துக்காரரைப் பார்த்தேன். “நீரே சொல்லும். உங்கடை அப்பாவின்ரை கல்லைப் புடுங்கிப்போட்டுக் கார் விடப்போறன் எண்டு இவவின்ரை முகத்தைப் பாத்து இங்கிலீசிலை சொல்லும். உம்மடை தம்பியின்ரை கல்லை இடிச்சவன் உம்மடை அம்மாவிட்டைச் சொல்லிப்போட்டோ இடிச்சவன்?”

மண்டபத்துக்காரர் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார். கண் கலங்கிவிட்டது. பக்கத்து வீட்டம்மா பதறிப்போய் அவருடைய தோளில் கை வைத்தார். “உங்களுக்கும் இதில் யாராவது இருக்கிறார்களா?”

“இங்கே இல்லை. என் தம்பி. அவனுக்குக் கல் இல்லை,” என்றார் ஆங்கிலத்தில்.

எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தால்தானே! “அழுகை ஆருக்கு வேணும்? புடுங்கமாட்டன் எண்டு இவவுக்குச் சொல்லும்,” என்றேன். சொன்னால், பிடுங்க நினைத்ததும் தெரிந்துவிடும். தெரியட்டும்.

“உங்கள் அப்பாவின் கல்லைப் பிடுங்கமாட்டேன்,” என்று குனிந்த தலை நிமிராமல் சொன்னார்.

பக்கத்து வீட்டம்மா அதைக் கேட்டதும் அவர் தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டார்.