டப்பாவில் மாற்றி வைத்த மாத்திரைகள்

என் கணவரின் மாத்திரைகளை ஏழு மாதம் நான்தான் மாற்றி வைத்தேன். அவருக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்...

அவர் செல்போன் கோபுர மெக்கானிக். வீடு சங்கராபுரத்தில், வாரத்தில் மூன்று நாள் கல்வராயன் மலையில் வேலை. நாற்பது வயதில் சென்னைக்குப் போய்த் தலையில் முடி நட்டுக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார். சும்மா யாராவது தலையில் அத்தனை ஊசி குத்திக்கொள்வார்களா? நீங்களே சொல்லுங்கள்!

மலையில் எவளோ இருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். சட்டையை முகர்ந்தேன். போனைக் குடைந்தேன். ஒன்றும் சிக்கவில்லை; சிக்காததே சந்தேகத்தைக் கூட்டியது.

"நட்டது நிக்கும் செல்வி. பழைய முடி கொட்டாம இருக்கணும்னா தெனம் மாத்திர போட்டுக்கினே இருக்கணுமாம், டாக்டரு சொன்னாரு" என்று அவரே ஒருநாள் சொன்னார். யாராவது பார்த்துக் கேலி செய்வார்களோ என்ற கூச்சத்தில், மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. அதே நிறத்தில், அதே அளவில் ஒரு சத்து மாத்திரையை வாங்கி வந்து நிரப்பினேன். அசலைச் சாக்கடையில் கொட்டினேன். எவளுக்காக இந்த அழகு? கொட்டிப் போகட்டும்!

கொட்டியது. முன்னால் நட்ட முடி மட்டும் நின்றது. அதன் பின்னால் வெறும் சொட்டை. தண்ணீரைச் சந்தேகப்பட்டார், ஷாம்பூவைச் சந்தேகப்பட்டார், டாக்டரைத் திட்டித் தீர்த்தார். என்னை மட்டும் சந்தேகப்படவில்லை. வீட்டுக்குள்ளும் தொப்பியோடு நடந்தார். நான் மகிழ்ந்தேன்... ஆம், மகிழ்ந்தேன்!

பிறகு பள்ளியில் பெற்றோர் கூட்டம் வந்தது. அவர் வர மறுத்துவிட்டார். இரண்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள்தான் சொன்னாள்: "போன வருசம், அப்பா முடி நடறதுக்கு முன்னாடி, என் கிளாஸ் பொண்ணு, 'உங்க தாத்தாவா வந்துக்கிறாரு'ன்னு கேட்டாம்மா. அப்பா காதுல வுழுந்துடிச்சு. அம்மாகிட்ட சொல்லாதன்னு சொன்னாரு."

அன்றே காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அவமானம் தடுத்ததா, பயமா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

இப்போது வேறு டாக்டர், அதே மாத்திரை. போன முடி திரும்பும் என்று அவர் உறுதி சொல்லவில்லை. அட்டையை என் கையில் கொடுத்து, "நான்தான் நடுவுல மறந்துட்டனோ இன்னாவோ... இனிமே நீயே எடுத்துக் குடு செல்வி" என்றார் கணவர். கண்டுபிடித்துவிட்டாரா? வேண்டுமென்றே கொடுத்தாரா? பாருங்கள், என் புத்தி இப்போதும் அவரைத்தான் வேவு பார்க்கிறது!

தினமும் காலையில் சரியான மாத்திரையைத்தான் கொடுக்கிறேன். அது எது என்று அவர் பார்ப்பதே இல்லை. வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்.