அப்பாவுக்கு இன்னொரு பிறந்தநாள்

"அப்பா தெனமும் சாயங்காலம் எங்கம்மா போறாரு?"

யு.கே.ஜி. படிக்கும் என் மகள் இதைக் கேட்கத் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது. முதலில் டியூஷன் என்றேன். "ஏன், அப்பா ஃபெயிலா?" என்றாள். பிறகு மீட்டிங் என்று மாற்றிக்கொண்டேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். 

என் கணவர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். குடியை நிறுத்துவதற்காகக் கோரிமேடு ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்தார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர், "மருந்தோட நின்னுடாதீங்க, குடியை விட்டவங்க கூடுற கூட்டத்துக்கும் போகணும்" என்று ஒரு போன் நம்பர் கொடுத்தார்.

கீழ்வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்ற பயத்தில் மொட்டை மாடிக்குப் போய் நான்தான் பேசினேன். எடுத்தவர் பெயர் கேட்கவில்லை, என்ன வேலை என்று கேட்கவில்லை. "வீடு எந்தப் பக்கம்மா? கூட்டம் உப்பளத்துல நடக்குது. வர வழியில பிராந்திக் கடை நெறைய வருமா?" என்றார். தெருவுக்குத் தெரு கடை இருக்கும் எங்கள் ஊரில் இது என்ன கேள்வி! நிறைய வரும் என்றேன். "அப்போ அவர தனியா அனுப்பாதீங்க. ஆள் வரும்."

மறுநாள் மாலை ஆள் வந்தது. காக்கிச் சட்டை, கலைந்த தலை, தூக்கமில்லாத கண்கள். "அண்ணன் இருக்காரா?" என்றார். பழைய கூட்டாளிகள் வாசலில் நின்று கேட்ட அதே கேள்வி. கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "குடிகாரங்க யாரும் இந்த வீட்டுப் பக்கமே வரக் கூடாது" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "நானும் குடிகாரன்தான் அண்ணி. இப்போ குடிக்காத குடிகாரன். அண்ணன கூட்டத்துக்குக் கூட்டிம்போகத்தான் வந்தேன்" என்று சிரித்தார்.

உப்பளத்தில் ஆட்டோ ஓட்டுபவர் அவர். நல்ல சவாரி கிடைக்கும் நேரத்தை விட்டுவிட்டு, பல வாரங்கள் வந்து அழைத்துப் போனார். ஏன் இவ்வளவு செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "என்னையும் ஒருத்தர் இப்டித்தான் பைக்ல ஏத்திம்போனாரு. அண்ணனும் யாரையாவது ஏத்துவாரு, பாருங்க" என்றார். அப்படியே ஆயிற்று. இப்போது என் கணவர் தினமும் முத்தியால்பேட்டைக்குப் போய், புதிதாகச் சேர்ந்த ஒருவரை ஏற்றிக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போகிறார்.

குடும்பத்தாரும் வரலாம் என்றிருந்த ஒரு நாள் நானும் போனேன். பள்ளிக்கூட வகுப்பறை. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் பெரிய பெரிய ஆண்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். பேசுகிறவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்க வேண்டும். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகியவர் என் கணவர். வீட்டில் ஒரு முறைகூட மன்னிப்புக் கேட்டதில்லை. அவர் எழுந்து நின்று, கேட்டும் கேட்காத குரலில் அதைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் "வணக்கம்" என்றார்கள். கல்யாணத்தன்றுகூட நான் அவரை அவ்வளவு பெருமையாகப் பார்த்ததில்லை.

குடிக்காமல் ஒரு வருடம் முடிந்தால் அங்கே அதைப் பிறந்தநாள் என்கிறார்கள். கேக் உண்டு. வீட்டு ஆள் ஒருவர் எல்லோர் முன்னாலும் ஒரு பதக்கம் கொடுக்க வேண்டும். அடுத்த மாதம் எங்கள் முறை. அவர் போனில் பேசியதை மகள் கேட்டுவிட்டாள். "அப்பா பொறந்தநாளுதான் முடிஞ்சிடுச்சே, இன்னொரு கேக்கா? மெடல் நான்தான் குடுப்பேன்!" கவுன்கூட எடுத்து வைத்துவிட்டாள்.

என் மாமியாருக்குத் தாளவில்லை. "அவன் குடிச்சப்போ ஊருக்கு அரைகொறையாத்தான் தெரியும். நீ கேக் வெட்டி முழுசா சொல்லப் போறியா? புள்ள நாளைக்கே ஸ்கூல்ல சொல்லும்." சொல்லும்தான். வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் அவள் மிஸ்ஸுக்குத் தெரியும்.

கணவரைக் கேட்டேன். "அவ கையால வாங்கணும்னு ஆசையாத்தான் இருக்கு. ஆனா நான் யாருன்னு சொல்லாம அங்க நின்னு வாங்க முடியாது. அந்த வார்த்தைய அவ கேக்கணுமான்னு நீயே சொல்லு" என்றார். ஆட்டோக்காரரையும் கேட்டேன். "எம் பையன் கேட்டுட்டு ஒரு வாரம் எங்கூடப் பேசல அண்ணி. அப்புறம் அவனாவே வந்து ஆட்டோல பக்கத்துல ஒக்காந்தான்." அவர் மகன் அப்போது பத்தாவது. என் மகளுக்கு ஐந்து வயது.

முன்பு ஒரு காலை, வாசற்படி அருகே விழுந்து கிடந்த அப்பாவுக்கு அவள் தன் துண்டைப் போர்த்திவிட்டாள். அப்பாவுக்கு ஜுரம் என்று சொல்லி வைத்தேன். மறந்திருப்பாள் என்று நினைத்தேன். போன வாரம் அவர் கூட்டத்துக்குக் கிளம்பும்போது அவள் ஓடிப்போய் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "ஜுரம் இல்ல. போயிட்டு வாப்பா" என்றாள். அவர் ஹெல்மெட்டை மாட்ட மறந்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்குத் தெரியவில்லை. இப்படி ஒரு வீட்டில் பிள்ளையாக வளர்ந்தவர்கள் இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். அவளை அழைத்துப் போகட்டுமா? போவதென்றால், அவர் எழுந்து நின்று சொல்வதற்கு முன்னால் நான் அவளுக்கு எந்த வார்த்தையில் சொல்லி வைப்பது?