பாக்டீரியாவுக்குச் சுடச்சுடக் கஞ்சி

நான் ஒரு முட்டாள். என் மனைவி இதைப் பல வருஷமாகச் சொல்லி வருகிறார். இப்போது அறிவியல்பூர்வமாகவே நிரூபணமாகிவிட்டது. ஒரே காலையில் கோடிக்கணக்கான உயிர்களைக் கொன்றுவிட்டேன். ஆயுதம் — ஒரு சட்டி அரிசிக் கஞ்சி.

போலீஸுக்குப் போன் போடுமுன் முழுக் கதையையும் கேட்டுவிடுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு மெஹருன்னிஸா மைக்ரோபயாலஜி படித்தவர். கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். நேமத்தான்பட்டி போகிற வழியில் கொஞ்சம் இடம் பிடித்து, பச்சை வலை கட்டி, காய்கறி நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார் மெஹர். பண்ணை காலூன்றிவிட்டால் கணவர் ஊரோடு வந்துவிடலாம் — இதுதான் அவர்கள் ஏற்பாடு.

இந்த முறை திருப்பத்தூர்ப் பக்கத்து விவசாயிகள் சிலர் மிளகாய் நாற்றுக் கேட்டிருந்தார்கள். வந்து பார்ப்பார்களாம். பிடித்தால் இனி எல்லா நாற்றும் மெஹரிடம்தான். பிடிக்காவிட்டால் பழைய வியாபாரியிடமே போய்விடுவார்கள்.

மெஹரின் பலம் ஒரு கறுப்புப் பொடி. பாக்கெட்டில் வரும். பார்த்தால் கரித்தூள். உள்ளே இருப்பதெல்லாம் உயிருள்ள பாக்டீரியா! விதைக்கும்போதே அதை விதையோடு ஒட்டிவிடுகிறார்.

“ஒட்டினா என்ன பண்ணும்?” என்று கேட்டேன்.

“இது அசோஸ்பைரில்லம்ணே. காத்துல இருக்குற நைட்ரஜனைப் பிடிச்சு வேருக்குத் தழைச்சத்தாக் கொடுக்கும். அந்தப் பாக்கெட்டு பாஸ்போபாக்டீரியா. நம்ம செம்மண்ணுல மணிச்சத்து இருக்கும், ஆனா செடிக்குக் கிடைக்காது. வேரோட வயலுக்குப் போயி இது அதைக் கரைச்சுக் கொடுக்கும்.”

எனக்குச் சட்டென்று புரிந்தது. எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் அறைக்குப் பஞ்சமில்லை, சாமானுக்கும் பஞ்சமில்லை. எல்லாம் பூட்டிக் கிடக்கும். சாவி சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். மண்ணில் மணிச்சத்தும் அப்படித்தான் கிடக்கிறது போல. இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஜீவன் போய்ப் பூட்டைத் திறக்கிறது. சம்பளம் கேட்பதில்லை, சங்கம் வைப்பதில்லை, என்னைப் போலப் பத்திரிகையில் பத்தி எழுதுவதுமில்லை... நான் அசந்துபோனேன்.

பாதி விதையை மெஹரே விதைத்துவிட்டார். மறுநாள் தேவகோட்டையில் மகள் பள்ளிக்கு அவர் போக வேண்டியிருந்தது. மீதிப் பாதி என் பொறுப்பு.

“அரிசிக் கஞ்சி காய்ச்சி, நல்லா ஆற வைங்க. பொடியைக் கலந்து விதையைப் புரட்டி, நிழல்ல உலர்த்திக் குழித்தட்டுல விதைக்கணும். கஞ்சிதான் பசை. அவ்வளவுதாண்ணே.”

நோன்பு மாதத்தில் அவர் வீட்டுக் கஞ்சியை முதலில் காலி செய்பவன் நான். அந்தத் தகுதியில் என்னை நம்பினார், பாவம்.

கஞ்சி கொதித்தது. ஆற வைக்கவா? நான் யார்? செட்டிநாட்டுக்காரன். எங்கள் பந்தியில் இலையில் விழும் சோற்றில் ஆவி பறக்காவிட்டால், அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேரன் காலம் வரை பேசுவார்கள். எங்கோ ஒரு ஆய்வகத்திலிருந்து பாக்கெட்டுக்குள் அடைபட்டு, பஸ் ஏறி வந்திருக்கும் விருந்தாளிகளுக்கு ஆறிப்போன கஞ்சியா?

சுடச்சுட ஊற்றினேன். மனசார.

விதையைப் போடும்போது கஞ்சி வெதுவெதுப்பாகிவிட்டது. விதை பிழைத்தது அதனால்தான். மாலையில் மெஹர் வந்ததும் என் உபசரிப்பைப் பெருமையாகச் சொன்னேன்.

“கொதிக்கக் கொதிக்கவா ஊத்துனீக?”

“ஆமா. பொடி மேல நேரா.”

காலிப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு, “அதுக உயிருள்ளதுண்ணே” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். பொடி தீர்ந்துவிட்டது. புதிது வர நாளாகும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

நாற்று முளைத்தது. ஒரே விதை, ஒரே தேங்காய் நார்க்கழிவு, ஒரே தண்ணீர். மெஹரின் நாற்றுகள் முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள் மாதிரி கரும்பச்சையில் நிமிர்ந்து நின்றன. என்னுடையவை — பாயசம் தீர்ந்தபிறகு வந்தவர்கள்.

விவசாயிகள் வருகிற அன்று காலை மெதுவாக ஆரம்பித்தேன். “இந்தத் தட்டுகளை அங்குட்டு, ஷெட்டுக்குப் பின்னாடி வச்சுருவோமா?”

“இருக்கட்டும்ணே. பாக்கட்டும்.”

வந்தார்கள். முன்னால் நின்றவர் கருப்பையா. மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டுவார்கள் என்பது வந்த உடனேயே தெரிந்தது. மெஹர் பொடியைப் பற்றி ஆரம்பித்ததுமே அவர் கையமர்த்தினார்.

“ஏத்தா, இந்தப் பாக்டீரியா கீக்டீரியா எல்லாம் வேணாம். கண்ணுக்குத் தெரியாததை நம்பி நான் வெள்ளாமை பண்றதில்ல.”

கூட வந்தவர் ஒருவர், “அப்ப குலசாமிக்கு எதுக்குப்பா வருஷா வருஷம் கெடா வெட்டுற?” என்றார். கருப்பையா காதில் வாங்காத மாதிரி நடந்தார். என் தட்டுகளுக்கு முன்னால் நின்றார்.

“இது என்ன, வேற ரகமா?”

“அதே ரகம்தாண்ணே. அங்குட்டு இருக்குறதுல பாக்டீரியா உசுரோட இருக்கு. இதுல செத்துப்போச்சு. இதை நான் விக்கலை.”

“எப்படிச் செத்துச்சு?”

நான் நிழல்வலையின் ஓட்டைகளை ஆராயத் தொடங்கினேன்.

“அண்ணன் கொதிக்கிற கஞ்சியை ஊத்திட்டாக.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு என் வெட்கத்தைவிட, மெஹரின் கை தட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்ததுதான் கண்ணில் பட்டது. ஷார்ஜாவிலிருந்து ஒரு மனிதர் திரும்பி வருவது அந்த நிமிஷத்தில் கருப்பையாவின் இரண்டு விரல்களில் இருந்தது.

அவர் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாற்றைப் பிடுங்கினார். என் நாற்றில் நார்க்கழிவு பொலபொலவென்று உதிர்ந்தது. மெஹரின் நாற்றில் வெள்ளை வேர்கள் அதைக் கட்டிப் பிடித்து, குழியின் அச்சு மாறாமல் முழுசாக வெளியே கொண்டுவந்தன. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“விக்கிறவன் நல்லதை மட்டும்தான்த்தா காட்டுவான். கெட்டதையும் பக்கத்துலயே வச்சுக் காட்டுனது நீதான்” என்றார். “நல்ல தட்டெல்லாம் எங்களுக்கு. கத்தரியும் இப்பமே போட்டுரு.”

அவர்கள் போனதும் மெஹர் போனை எடுத்துக்கொண்டு வலைக்கு வெளியே போனார். ஷார்ஜாவுக்கு என்று நினைக்கிறேன். நான் காது கொடுக்கவில்லை... கொஞ்சம்தான் கொடுத்தேன்.

கண்ணுக்குத் தெரியாமல் உழைப்பவர்களின் அருமை அவர்கள் இல்லாத தட்டில்தான் தெரிகிறது. மனைவி இரண்டு நாள் ஊருக்குப் போனால் நம் வீட்டு அடுப்படியில் தெரியுமே, அதே மாதிரி. ஆனால் அந்தத் தட்டை, வாங்க வந்தவர் முன்னால் வைக்க ஒரு தைரியம் வேண்டும். எனக்கு அது இல்லை. நான் ஷெட்டுக்குப் பின்னாடி ஆசாமி.

இருந்தாலும் பெயர் வாங்க ஆசை விடுமா? மெஹர் திரும்பி வந்ததும் கேட்டேன்:

“யோசிச்சுப் பாரும்மா, என் தட்டுதான ஆர்டரை வாங்கிக் கொடுத்துச்சு? கத்தரிக்கும் நானே வந்து கஞ்சி காய்ச்சவா?”

“நோன்புக்கு வந்து குடிங்கண்ணே, போதும்.”