ஆறு லிப்ஸ்டிக்கும் இரண்டு மொட்டையும்

டெங்குவிலிருந்து நான் பிழைத்தால் என் முடியை மலைமேல் இருக்கும் முருகனுக்குத் தருவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். முடி என்னுடையது, வேண்டுதல் அவளுடையது. அப்போது எனக்குப் பத்து வயது. இதில் உள்ள அநியாயத்தை நான் எடுத்துச் சொன்னபோது நைனா, "சாமி காதுல உளுந்துடப் போவுது, கம்முனு இரு" என்றார்.

மலைமேல் முடி இறக்கும் மண்டபத்தில் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்காரவே மாட்டேன் என்றேன். அம்மா கெஞ்சிப் பார்த்தாள். நைனா கையை ஓங்கிப் பார்த்தார். நைனாவின் தங்கையான அத்தை அன்று பூமுடி கொடுக்க வந்திருந்தாள். பெண்கள் பேருக்கு மூன்று கத்திரி முடி கொடுத்தால் போதும், சாமி கணக்கில் அது சேர்ந்துவிடும். இடுப்பைத் தாண்டித் தொங்கும் சடை அவளுக்கு. அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு நேரே போய்க் கத்திக்காரர் முன்னால் குந்திக்கொண்டு, "எனக்கும் முழுசா எடுத்துடுங்க" என்றாள். யாராவது தடுப்பதற்குள் பாதித் தலை போய்விட்டது. அதற்கு மேல் நான் எந்த முகத்தோடு பிடிவாதம் பிடிப்பது? தூணை விட்டேன்.

எங்கள் ஊரில் மொட்டையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கிருத்திகை வந்தால் பஜார் முழுக்கச் சந்தனம் பூசிய தலைகள்தான். என் கஷ்டம் வேறு. அண்ணனுக்குச் சின்னதாகிப்போன டவுசரும் சட்டையும்தான் எனக்கு வீட்டு உடுப்பு. தலையில் இரண்டு ஜடை இருந்தவரை அதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை. மொட்டைக்குப் பிறகு தெருவே என்னைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தது. காதில் கம்மல் இருந்ததே என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் மொட்டை போட்டுக் காது குத்திய பையன்களும் கம்மலோடுதான் திரிவார்கள். அம்மா பாவாடை கட்டிக்கொள்ளச் சொன்னாள். பாவாடை கட்டிக்கொண்டு ஜெயிப்பதும் ஒரு ஜெயிப்பா? முகத்தைப் பார்த்தே பொண்ணு என்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமை பள்ளிக்குத் திரும்புவதற்குள் ஒருவர் வாயிலிருந்தாவது அது வந்தாக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

அத்தை சென்னையில் ஒரு பெரிய கடையில் லிப்ஸ்டிக் விற்கிற இடத்தில் வேலை செய்தாள். விடிந்ததும் ரயிலேறினால் இருட்டித்தான் வருவாள். மொட்டை போட்ட மறுநாள் போனவள் மத்தியானமே திரும்பிவிட்டாள். கையில் ஒரு துணிப்பை. அதில் கடைக்கு வருகிறவர்கள் பூசிப் பார்த்துத் தேய்ந்துபோன ஆறு லிப்ஸ்டிக்குகள் இருந்தன. எனக்காக லீவு போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். அத்தை என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிளேடால் ஒவ்வொன்றின் மேல்பகுதியையும் சீவி எறிந்துவிட்டு என்னை உட்காரவைத்தாள். காய்ச்சலில் என் உதடு வெடித்துத் தோல் உரிந்து கிடந்தது. ரோஜா நிறத்தைப் பூசினாள். நெய் தடவியதுபோல் எரிச்சல் அடங்கியது. கண்ணாடியில் பார்த்தால் நிறம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"பூசினதே தெரியல, இதுக்குப் போயி எதுக்கு காசு குடுத்து வாங்குறாங்க?" என்றேன்.

"தெரியாத மாதிரி தெரியணும் கண்ணு. அதுக்குத்தான் காசு."

யோசித்தேன். டீச்சர் கண்ணுக்குத் தெரியக் கூடாது, தெருவில் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எனக்கென்றே செய்ததுபோல் இருந்தது.

வியாழக்கிழமை தானும் அதே ரோஜா நிறத்தைப் பூசிக்கொண்டு, நல்ல புடவை ஒன்றைக் கட்டி, அத்தை என்னைப் பஜாருக்குக் கூட்டிப் போனாள். ஒவ்வொரு கடையாக அவள் உள்ளே ஏறிப் பேசிவிட்டு வருவாள். நான் வாசலில் நின்று என் உதட்டை ஊருக்குக் காட்டுவேன். பூக்கார அம்மா, "நவுந்து நில்லு தம்பி, பூ மேல காலு படுது" என்றாள். ரோஜா தோற்றது.

வெள்ளிக்கிழமை காலையில் பீச் பழ நிறம், மாலையில் காபி நிறம். பீச் யார் கண்ணிலும் படவில்லை. காபி நிறத்தைப் பார்த்துக் கரும்புச்சாறு போடுகிறவர், "இன்னாடா தம்பி, வாயத் தொடைக்காம வந்துக்கினியா?" என்றார். சனிக்கிழமை பொறுமை போய், கருஞ்சிவப்பை நானே ஐந்து முறை அப்பிக்கொண்டேன். "நாவப்பழம் துன்னியா தம்பி?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். மாலையில் பூசிய ஆரஞ்சைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. அன்று ஒரு வளையல் கடைக்காரர் அத்தையின் தலையைப் பார்த்து, "மொதல்ல முடி வளரட்டும்மா, அப்பால பாக்கலாம்" என்று சொன்னது காதில் விழுந்தது. ஆறுதல் சொல்கிறார், நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

வீடு திரும்பும்போது அத்தை முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தபடி நடந்தாள். என் தோல்விக்காகத்தான் வருத்தப்படுகிறாள் என்று எண்ணி, "நாளைக்கு ஒண்ணு பாக்கி இருக்குது இல்ல, வுடக் கூடாது" என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

"ஆங், வுடக் கூடாது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மிச்சமிருந்தது செங்கல் நிறம். பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோர். வெயில் தாங்காமல் அத்தை பின்னாலேயே நானும் உள்ளே போய்விட்டேன். கடைக்கார அம்மாவும் அத்தையின் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகையிலிருந்து கல்யாணத்துக்குச் சாமான் வாங்க வந்த ஒரு அம்மா என் மோவாயைத் தொட்டுத் திருப்பி, "இந்தப் பொண்ணு ஒதட்டுல இருக்குதே, இந்தக் கலரு இருக்குதா?" என்று கேட்டாள்.

பொண்ணு. எனக்குக் காது அடைத்துவிட்டது.

அத்தை ஒரு நொடியும் வீணாக்கவில்லை. அந்த அம்மா நீட்டிய புறங்கையைத் தள்ளிவிட்டு, "கையி நெறம் வேற, ஒதட்டு நெறம் வேறம்மா, வெரல் நுனியக் காட்டுங்க" என்றாள். கடைப்பெட்டியிலிருந்து நான்கைந்தை எடுத்து விரலுக்கு ஒன்றாகத் தடவினாள். ஒன்று கேட்டு வந்தவள் பெண்ணுக்கு, மருமகளுக்கு, சம்பந்திக்கு என்று நான்கு வாங்கிக்கொண்டு போனாள். கடைக்கார அம்மா அத்தையைத் தனியே கூப்பிட்டுப் பேசினாள்.

வெளியே வந்த அத்தை கடைப்படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"ஏன் அத்தை அழுவுற?"

"நீ ஜெயிச்சிட்ட இல்ல, அதான்."

மறுநாள் நான் செங்கல் நிற உதட்டோடு பள்ளிக்குப் போனேன். டீச்சருக்குத் தெரியவில்லை. அத்தை ரயிலுக்குப் போகவில்லை, அந்த ஃபேன்சி ஸ்டோருக்குப் போனாள். ரயிலில் நெரிசல் என்று அம்மா காரணம் சொன்னாள்.

காலேஜ் முடித்து எனக்கு வேலை கிடைத்த அன்றுதான் அம்மா மீதியைச் சொன்னாள். மொட்டையோடு லிப்ஸ்டிக் விற்க முடியாது என்று சென்னைக் கடையில் மொட்டை போட்ட மறுநாளே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்களாம். அந்தத் துணிப்பை, அத்தை தன் இழுப்பறையைக் காலி செய்துகொண்டு வந்தது. நான்கு நாளாக அவள் கடை கடையாக ஏறி வேலை கேட்டிருக்கிறாள். நான் வாசலில் நின்று, யார் என்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். எனக்குத் துணையாக அவள் நடக்கிறாள் என்றே நம்பினேன். அவளுக்குத் துணையாக ஊரில் இருந்த ஒரே மொட்டை நான்தான் என்பது எனக்குத் தெரியவில்லை.