முதல் பாகத்துப் படகோட்டி

என் நாத்தனாருக்கு அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் ஜட்ஜ் அம்மா என்று பெயர். பவர் லென்ஸை ஃப்ரேமுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துகிற வேலை. மயிரிழை பிசகினாலும் போட்டவருக்குத் தலை சுற்றும் என்பாள். அந்தக் கண்ணால்தான் உலகத்தையும் பார்ப்பாள். என் சமையல், என் வீட்டுத் திரைச்சீலை, அவள் அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டது, எல்லாவற்றுக்கும் தீர்ப்பு உண்டு. மேல்முறையீடு கிடையாது.

அவள் அதிகம் தீர்ப்பு சொன்னது 'இருள்கோட்டை' என்ற வீடியோ கேமுக்குத்தான். மொத்தம் நான்கு பாகங்கள். வாளும் மந்திரமுமாக ஊர் ஊராகப் போய், யார் யாரோ கொடுக்கும் வேலைகளை முடித்து, வழியில் வரும் பூதங்களையும் அடிக்க வேண்டும். நான்கையும் பல முறை முடித்துவிட்டு, ஒரு நீள நோட்டில் பாகம் வாரியாக ஒப்பிட்டு எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் சிவப்பு மையில் "முழுதும் பார்த்தாயிற்று" என்று எழுதிக் கையெழுத்து வேறு.

"சண்டைன்னா மூணாவது பாகம்தான் அண்ணி. கேடயத்தைத் தூக்குற அதே நொடியில வெட்டணும். விரல் பறக்கணும். ஆனா வேலைன்னு என்ன கொடுக்கிறான்? பத்து ஓநாய்த் தோல் கொண்டா, இருபது மூலிகை கொண்டா. அதுக்கு நான் கடைக்கே போயிட்டு வந்துடுவேன். நாலாவது பார்க்க லட்சணமா இருக்கும். பூதம்தான் ஊதினா விழுந்துடும்."

"அப்போ ரெண்டாவது?"

"அதைப் பத்திப் பேசாதீங்க."

முதல் பாகத்துக்கு ஆமை என்று பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர். அதில் நாம் ஒரு அடி, பிறகு பூதம் ஒரு அடி. நம் முறையில் நாம் சும்மா நின்றால் பூதமும் மரியாதையாகக் காத்து நிற்கும். அண்ணனும் தங்கையும் போட்டி போட்டு ஆடியதெல்லாம் மூன்றாம் பாகம்தான்.

அப்புறம்தான் அந்த விபத்து. அவர் அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மெஷின் ஓட்டுபவர். பேப்பர் கட்டை அமுக்கிப் பிடிக்கும் இரும்பு, வலது கையில் இரண்டு விரல்களை நசுக்கிவிட்டது. தையல் பிரித்தபோது டாக்டர் தெளிவாகச் சொன்னார்: ஒரு மாதம் தினமும் மடக்கி நீட்டாவிட்டால் விரல்கள் அப்படியே இறுகிவிடும், பழைய வேலை அவ்வளவுதான். மனிதர் கையைத் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார். டாக்டர் கொடுத்த ரப்பர் பந்து அலமாரியில் தூங்கியது. கெஞ்சினேன், கத்தினேன், அழுதும் பார்த்தேன். அசையவில்லை. இப்படியே ஒரு வாரம் போனது.

விடுமுறை நாள் காலையில் ஜட்ஜ் அம்மா நோட்டோடு வந்து இறங்கி, கேம் கன்ட்ரோலரை அண்ணன் முன்னால் நீட்டினாள்.

"மூணாவது பாகமெல்லாம் இனிமே என்னால முடியாது" என்றார் அவர்.

"யார் மூணாவது போடச் சொன்னா? இது முதல் பாகம். நாலு பாகத்துலயும் நல்ல வேலைங்க இதுலதான் இருக்கு. எங்க போகணும்னு மேப்ல காட்டாது, ஆளுங்க பேசுறதைக் கேட்டு நாமதான் கண்டுபிடிக்கணும். சண்டை ஆமைதான், அதான் கொண்டாந்தேன். ஒரு பட்டனை அழுத்த நீ பத்து நிமிஷம் எடுத்தாலும் பூதம் உன்னைத் தொடாது. ஆனா வலது கையாலதான் அழுத்தணும். இடது கை வந்துச்சு, பிடுங்கிடுவேன்."

அவள் வாயை மூட வைப்பதற்காகவே கன்ட்ரோலரை வாங்கினார். முதல் பட்டனை அழுத்துவதற்குள் நெற்றியெல்லாம் வியர்வை. தினமும் கடை முடிந்ததும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அதட்டினாள். எந்தத் திருப்பத்தில் எந்தப் பூதம் என்று முன்கூட்டியே சொல்லி அவர் உயிரை வாங்கினாள்.

பத்தாம் நாள் கதை ஓர் ஆற்றங்கரைக்கு வந்தது. "பாலத்துல ஏறு, இந்த வேலை முடிஞ்சுது" என்றாள். அன்று விரல் மடங்கவே மாட்டேன் என்றது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றபடி இருந்தார். திரையில் வீரன் கரையில் நின்றுகொண்டே இருந்தான். ஐந்து நிமிடம், ஆறு நிமிடம். நான் துணி மடிப்பதை விட்டுவிட்டு வந்து நின்றேன்.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு படகு வந்தது. கிழவன் ஒருவன் துடுப்போடு நின்றான். கீழே வந்த வரியை அவர் மெல்லப் படித்தார்: "எல்லாரும் பாலத்துல ஓடிடுறாங்க. நீதான் நின்ன. ஏறு."

நாத்தனார் நோட்டைப் புரட்டு புரட்டென்று புரட்டினாள். "இப்படி ஒரு ஆளே கிடையாது! பன்னெண்டு வருஷமா ஆடுறேன்!"

"நீ எங்கயாச்சும் ஒரு நிமிஷம் நின்னிருக்கியா?" என்று கேட்டு அவர் சிரித்தார். விபத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

"கொடு அண்ணா, நானே ஏத்துறேன்!" என்று அவள் கன்ட்ரோலருக்குக் கை நீட்டினாள்.

"கையை எடு. இது என் முறை."

அவர் விரலையே பார்த்தேன். பாதியில் நின்றது, பிறகு மடங்கி அழுத்தியது. வீரன் படகில் ஏறினான். நான் மறைக்காமல் அழுதேன். ஜட்ஜ் அம்மா முதல் பாகத்தின் சிவப்புக் கையெழுத்தை ஒரே கோடாக அடித்துவிட்டு, புதுப் பக்கம் திருப்பி, அண்ணன் சொல்லச் சொல்ல எழுத உட்கார்ந்தாள்.