கடைசி மூன்று பெட்டிகள்

கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். 2011-ஆம் வருடம், நவம்பர் 18, வெள்ளிக்கிழமை. மாலை 6.52-க்கும் இரவு 10.04-க்கும் நடுவில். இத்தனை வருடம் யாரிடமும் முழுதாகச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் பயம் இல்லை, வெட்கம். இதில் பேய் பாதி, என் கேடுகெட்ட புத்தி பாதி.

நான் மார்னி. அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தில், சோளக்காட்டுக்கு நடுவில் எங்கள் ஊர். கல்லூரி மூன்றாம் வருடத்தில் ஒரு செமஸ்டர் படிக்க வியன்னாவுக்கு அனுப்பினார்கள். எட்டுப் பேர் வந்தோம். படிக்க வந்தோம் என்பதெல்லாம் வீட்டுக்குச் சொன்னது. வெள்ளிக்கிழமை வகுப்பு கிடையாது. வியாழன் சாயங்காலமே முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுவார்கள். ப்ராக், பாரிஸ், பார்சிலோனா. திங்கட்கிழமை காலை வகுப்பில் கொட்டாவியும் பெருமையும். வியன்னாவில் நாங்கள் தங்கியிருந்த வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். யார் எத்தனை ஊர் பார்த்தார்கள் என்று அதில் கோடு போட்டு வைப்பார்கள்.

நவம்பர் நடுவில் ஆஷ்லினுக்குப் பதினொரு கோடு. எனக்கு இரண்டு.

ஆஷ்லின் என் அறைத்தோழி. டெக்ஸஸ்காரி. அவள் அப்பா பல் டாக்டர், என் அப்பா ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

"ரெண்டா? பிராட்டிஸ்லாவாவையும் சேர்த்தா சொல்ற?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். "பஸ்ல ஒரு மணி நேரத்துல போயிட்டு வர்ற ஊருடி அது. அதெல்லாம் கணக்குலயே வராது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு பற்றி எரிந்தது.

சனிக்கிழமைகளில் காலி வீட்டில் உட்கார்ந்து ஃபேஸ்புக்கில் அவள் போடும் படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். எல்லா ஊரிலும் அதே மஞ்சள் ஸ்கார்ஃப், அதே சிரிப்பு. முதல் லைக் என்னுடையதாகத்தான் இருக்கும். மனசுக்குள் விட்ட சாபம் அதற்கும் முன்னாலேயே போயிருக்கும். ஊர் சுற்ற வழியில்லாததால் எனக்கு உருப்படியாக வந்தது ஒன்றே ஒன்று, ஜெர்மன் மொழி. ஆஷ்லினுக்கு ஜெர்மனில் ஒரு காபி கேட்கத் தெரியாது.

இதற்கெல்லாம் நடுவில், அக்டோபர் முதல் வாரத்தில், ட்ரெவர் கேட்டான். எட்டுப் பேரில் ஒருத்தன். ஆகஸ்ட் மாதத்திலிருந்து எனக்கு அவன்மேல் ஒரு கண்.

"வெனிஸ் போலாமா மார்னி? நீயும் நானும்."

ஆறு வாரம் மத்தியானச் சாப்பாடு வெறும் ரொட்டிதான். டிக்கெட் எடுத்தேன். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் ஆஷ்லின் சமையலறைக்குள் வந்தாள்.

"வெனிஸா? எனக்கு ரெண்டாவது தடவை. பரவாயில்ல, நானும் வரேன். உங்களுக்குச் சுத்திக் காட்ட ஆள் வேணாமா?"

அந்த மடையனும் "சூப்பர், வா" என்றான்.

வெள்ளிக்கிழமை மதியம் 2.30-க்கு ரயில். ஆறு பேர் உட்காரும் கண்ணாடிக் கதவு அறையில் நாங்கள் மூன்று பேர் மட்டும். நாலரைக்கெல்லாம் வெளியே இருட்டிவிட்டது. ஜன்னலில் மலை தெரியவில்லை, எங்கள் முகங்கள்தான் தெரிந்தன. ஆஷ்லின் வாய் ஓயவில்லை. வெனிஸில் எந்தக் கடையில் ஐஸ்கிரீம் நன்றாக இருக்கும், எந்தப் பாலத்தில் படம் எடுக்க வேண்டும்... ட்ரெவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஐந்தரை மணிக்கு அவள் கொட்டாவி விட்டாள்.

"கடைசிப் பெட்டி காலியா கிடக்கு. நான் போய்க் கொஞ்சம் நீட்டிப் படுக்கறேன். மார்னி, ஏதாவதுன்னா எழுப்புடி. மறந்துடாத."

"சரி" என்றேன்.

6.40-க்கு ஸ்பீக்கர் கரகரத்தது. ஜெர்மனில் மட்டும் அறிவிப்பு. அடுத்த சந்திப்பு நிலையத்தில் ரயில் இரண்டாகப் பிரியும். முன்பெட்டிகள் வெனிஸுக்கு. கடைசி மூன்று பெட்டிகள் ஜாக்ரெப், குரோவேஷியா நாட்டுக்கு. வெனிஸ் பயணிகள் முன்னால் வந்துவிடவும்.

இது அங்கே சகஜம். அமெரிக்காவில் நாங்கள் ரயிலையே அதிகம் பார்த்ததில்லை, இதெல்லாம் தெரியாது. ஒவ்வொரு செமஸ்டரும் எங்கள் பிள்ளைகளில் ஒன்று தப்பான பெட்டியில் தூங்கிப்போய் வேறு நாட்டில் கண் விழிக்குமாம். திங்கட்கிழமை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களாம்.

"என்னவாம்?" என்றான் ட்ரெவர்.

"ஒண்ணுமில்ல. பத்து நிமிஷம் நிக்குமாம்."

ஆமாம். அப்படித்தான் சொன்னேன். நாக்கு கூசவில்லை.

6.52. ரயில் நின்றது.

பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு பெட்டியின் நடைபாதைக்கு வந்தேன். எழுப்பத்தான் வந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆரஞ்சுச் சட்டை போட்ட இரண்டு ஆட்கள் டார்ச்சோடு பெட்டிகளுக்கு நடுவில் இறங்கினார்கள். 6.55. நடந்தால் ஒரு நிமிடம்தான். 6.58. வெளிக்கதவுக் கைப்பிடியில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. வெனிஸ், ட்ரெவர், நான். நடுவில் யாரும் இல்லை. அதை நினைத்தேன். கையை எடுத்துவிட்டேன்.

7.02. டங்... என்று ஒரு சத்தம். ஒரு குலுக்கல்.

அந்தக் குலுக்கலில் என் உடம்புக்குள்ளும் என்னவோ விட்டுப்போனது. வலி இல்லை. மாடிப்படியில் கடைசிப் படி இருக்கும் என்று காலை வைத்து, அது இல்லாமல் போகுமே, அந்த மாதிரி.

வண்டி நகர்ந்தது. ரயில் வளைவில் திரும்பியபோது பின்னால் நின்ற மூன்று பெட்டிகளும் தெரிந்தன. கடைசிப் பெட்டி ஜன்னலில் மஞ்சள் ஸ்கார்ஃப். பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். குனிந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரோ பயணி என்று நினைத்தேன். அந்தப் பெட்டி காலி என்றல்லவா ஆஷ்லின் சொன்னாள்...

அறைக்குத் திரும்பினேன். ட்ரெவர் புத்தகம் படித்துக்கொண்டிருந்தான். எதிரில் உட்கார்ந்தேன்.

"ட்ரெவர்."

நிமிரவில்லை.

"டேய், ட்ரெவர்."

பக்கத்தைத் திருப்பினான். காதில் பாட்டுக் கேட்கும் ஒயர் எதுவும் இல்லை. ஆஷ்லின் ஞாபகத்தில் இருக்கிறான், அதனால்தான் முகம் கொடுக்கவில்லை என்று எனக்குக் கோபம்தான் வந்தது. பயம் அப்போதும் வரவில்லை. பொறாமை எந்த அளவுக்குக் கண்ணை மறைக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

7.21. டிக்கெட் பரிசோதகர் கதவைத் திறந்தார். ட்ரெவர் டிக்கெட்டைப் பார்த்தார். நான் என்னுடையதை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"மூணு பேர் இருந்தீங்களே? அந்த ரெண்டு பொண்ணுங்க எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒருத்தி கடைசிப் பெட்டில தூங்கறா. இன்னொருத்தி அவளைப் பாக்கப் போயிருப்பா."

"கடைசிப் பெட்டியா? அது கழண்டு இருபது நிமிஷம் ஆச்சே தம்பி. ஜாக்ரெப் போகுது."

ட்ரெவர் துள்ளி எழுந்தான். "ஐயோ, ஆஷ்லின்!" என்றான்.

ஆஷ்லின். என் பெயர் வரவில்லை. அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் குத்தியது.

"நான் இங்கதானே இருக்கேன்!" என்று கத்தினேன். இரண்டு பேரும் திரும்பவில்லை. ட்ரெவர் எனக்கு மேலே எட்டி, என் பையை எடுத்தான். அவன் கை என் முகத்துக்கு முன்னால் போனது. உரசவில்லை. காற்றுகூடப் படவில்லை...

அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தேன்.

கண்ணாடியில் அறை தெரிந்தது. விளக்கு தெரிந்தது. ட்ரெவர் தெரிந்தான். பரிசோதகரின் தொப்பி தெரிந்தது.

என் இருக்கை காலி.

கையை ஆட்டினேன். காலி.

கண்ணாடியில் வாயை வைத்து ஊதினேன். ஆவி படியவில்லை.

7.50. ட்ரெவர் ரயில் முழுக்கத் தேடிவிட்டு வந்தான். அவன் பின்னாலேயே நடந்தேன். என் பெயரையும் சொல்லித்தான் கூப்பிட்டான், பாவம். ஒவ்வொரு தடவையும் "இதோ இருக்கேன்" என்றேன். பெட்டிகளுக்கு நடுவில் இருக்கும் தானாகத் திறக்கும் கதவு, அவன் போனதும் என் முகத்தில் மூடியது. எனக்குத் திறக்கவில்லை. யாரோ ஒரு ஆள் வரும்வரை நின்று, அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தேன்.

8.40.

அழுதுகொண்டிருந்தேன். கண்ணீர் மடியில் விழவில்லை.

அப்போது காதுக்குள் ஒரு சத்தம். சக்கரச் சத்தம். இந்த ரயிலுடையது இல்லை. வேறு தாளம்... வேகம் குறைவு...

அப்புறம் மூச்சு. ஆஷ்லின் தூங்கும்போது விடுகிற மூச்சு. மூன்று மாதம் ஒரே அறையில் படுத்தவள் நான். எனக்குத் தெரியாதா?

அவள் முனகினாள். "எந்த ஊர்டி இது?"

பதில் வந்தது.

"தூங்குடி. ஒண்ணுமில்ல. பத்து நிமிஷம் நிக்குமாம்."

என் குரல்.

என் வாய் மூடியிருந்தது.

இரண்டு கையாலும் காதைப் பொத்தினேன். உள்ளேதான் கேட்டது. அதே வார்த்தை. திரும்பத் திரும்ப. நிதானமாக. ஆசையாக.

9.15. "தூங்குடி."

9.30. "ஒண்ணுமில்ல."

9.48.

சிரிப்பு.

10.04. வெனிஸ். கதவு திறந்தது. ஓடினேன். பெட்டி தூக்கிக்கொண்டு வந்த ஒரு ஆள் என் தோளில் டமாலென்று மோதினான். இத்தாலிய மொழியில் மன்னிப்புக் கேட்டான். தோள் வலித்தது. அந்த வலியை என்னால் மறக்கவே முடியாது, அவ்வளவு சந்தோஷம்.

"மார்னி!" ட்ரெவர் ஓடி வந்தான். "எங்க போய்த் தொலைஞ்ச? ரயில் பூரா தேடினேன்!"

அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். வெனிஸில், அவனோடு, நான் மட்டும். கேட்டது அப்படியே கிடைத்தது. இரண்டு நாளில் அந்த ஊரில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் ஒரு பாலம்கூட ஞாபகம் இல்லை. ட்ரெவர் பாதி நேரம் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து ஆஷ்லினுக்கு மெயில் எழுதினான். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வரி பதில் வந்தது. வியன்னா திரும்பிவிட்டாள், உயிரோடு இருக்கிறாள், மார்னி முகத்தில் விழிக்க மாட்டாள்.

தெரிந்துவிட்டது, வேண்டுமென்றே எழுப்பாதது தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஞாயிறு சாயங்காலம் மன்னிப்புக் கேட்கத் தயாராகத்தான் வீட்டுக்குள் போனேன். ஆஷ்லின் சமையலறையில் கார்ன் ஃப்ளேக்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"ஆஷ்லின், ஸாரி. நான் உன்னை எழுப்பியிருக்கணும்."

"எழுப்பறதா? நான் 6.52-க்கே முழிச்சிட்டேனே! எழுந்திருக்கப் போனேன். நீதான் தோளைப் பிடிச்சு அமுக்கி உட்கார வச்ச."

பின்னால் நின்ற ட்ரெவரைத் திரும்பிப் பார்த்தேன்.

ட்ரெவர் குறுக்கிட்டான். "ஆஷ்லின், இவ வெனிஸ்ல என்கூட..."

"நீ சும்மா இருடா. ஜாக்ரெப் வரைக்கும் நாலு மணி நேரம் என் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா. டிக்கெட் கேக்க வந்தவன்கிட்டயும், எல்லையில வந்த போலீஸ்காரன்கிட்டயும் இவதான் ஜெர்மன்ல பேசினா. என்கிட்ட ஒரே பதில்தான். தூங்குடி, ஒண்ணுமில்ல, பத்து நிமிஷம் நிக்குமாம்." அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் கண்ணைத் திறக்கறப்பெல்லாம் என்னையே பாத்துட்டு இருந்தா. ஒரு தடவைகூடக் கண்ணைச் சிமிட்டல."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? ஜாக்ரெப்ல என்கூட இறங்கின. ஸ்டேஷன் வாசல்ல பெஞ்சுல உட்கார்ந்த. வாடி, ரூம் தேடலாம்னேன். நீ போ, நான் இருக்கேன்னு சொன்ன. திரும்பிப் பாத்தேன். உட்கார்ந்துதான் இருந்த."

அன்றைக்கே அவள் அறை மாற்றிக்கொண்டாள். ட்ரெவர் என்னிடம் அதிகம் பேசுவதை நிறுத்தினான். குற்றம் சொல்ல மாட்டேன். நான்தான் வேண்டுமென்றே விட்டேன் என்பதை அவளிடம் சொல்லத் துணிச்சல் வரவில்லை. இன்றுவரை அவளுக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

டிசம்பர் 17. ஊருக்குத் திரும்பும் நாள். வியன்னா விமான நிலையம், காலை 9.10. வெளிச்சமான இடம், சுற்றிலும் ஆட்கள், குழந்தைகள் அழுகை. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த போலீஸ் அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். நின்றார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"ஜாக்ரெப் எப்படி இருந்துச்சு?" என்றார் ஜெர்மனில்.

"நான் அங்க போனதே இல்லைங்க."

அவர் ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வியன்னாவிலிருந்து வெனிஸ் போய்த் திரும்பும்வரை என் கோட்டின் உள்பையை விட்டு அந்தப் பாஸ்போர்ட் வெளியே வரவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு முத்திரை. ஓரத்தில் குட்டியாக ரயில் படம். குரோவேஷியா. உள்ளே நுழைந்த தேதி 18.11.2011.

"போனதுக்கு முத்திரை இருக்கு," என்றார். "திரும்பி வந்ததுக்கு இல்ல. எல்லாப் பக்கமும் பாத்துட்டேன்."

அவர் என் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இதுல இருக்கறபடி பாத்தா, நீங்க இன்னும் அங்கதான் இருக்கீங்க."