தீட்டு என்று சொன்ன வாய்

பிள்ளைகளா, ஒருவனை நான் அஞ்சு வருஷம் காத்திருந்து பழிவாங்கினேன். அரிவாளால் இல்லை, சாமியை வைத்து. அந்தக் கதை இது. அவனை நேரில் 'முதலாளி' என்றுதான் கூப்பிட்டேன், 'வாங்க போங்க' என்றுதான் பேசினேன். இங்கே மட்டும் 'அவன்' என்று எழுதிக்கொள்கிறேன். எழுதும்போதே நன்றாக இருக்கிறது.

பெரம்பலூரில் சின்ன வெங்காய மண்டி வைத்திருந்தான். நான் அங்கே எடை போடும் ஆள். 1996ஆம் வருஷம் உங்கள் அம்மா தலைப்பிரசவத்துக்கு அரியலூரில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். பாப்பா, நீ பிறந்தாய். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்துவிட்டு, மிட்டாய் வாங்கிக்கொண்டு பஸ் பிடித்து நேராக மண்டிக்கு வந்தேன்.

வாசலில் லப்பைக்குடிக்காட்டு வியாபாரி ஒருவர் நின்றிருந்தார். முதல் மிட்டாயை அவருக்குக் கொடுத்தேன். "பொம்பளப் புள்ளையா? வூட்டுக்கு பரக்கத்து வந்துருக்குய்யா!" என்று வாயில் போட்டுக்கொண்டார். பரக்கத் என்றால் அல்லாவின் அருள் என்று அவரே விளக்கமும் சொன்னார்.

அதே சந்தோஷத்தோடு முதலாளி மேஜைக்குப் போனேன். அவன் தலைக்கு மேல் பிள்ளையார் படம். மிட்டாயை நீட்டியதும் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"டேய், டேய்! சாமி படத்துக்கிட்ட வராத. பெத்த தீட்டோட வந்து நிக்கிற. அதுவும் பொட்டத் தீட்டு."

விவசாயிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, நான் நின்ற இடத்தில் தெளிக்க வைத்தான். என் கால் மேலும் தெறித்தது.

பிறப்புத் தீட்டு எல்லா வீட்டிலும் உண்டு, தெரியும். அவன் சொன்ன மாதிரி யாரும் சொல்வதில்லை. உன்னை நான் ஒரு தடவைதான் தூக்கியிருந்தேன். அதற்குள் உனக்கு அந்தப் பேரை வைத்துவிட்டான். இந்த வாயாலேயே என் மகளைச் சாமி என்று சொல்ல வைக்கிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எப்படி என்று அப்போது தெரியாது. பிறகு கவனித்தேன். கார்த்திகை பிறந்தால் அவன் வேறு ஆள். சாதாரண நாளில் 'டேய்' என்று கூப்பிடும் மூட்டை தூக்கும் ஆளையே, மாலை போட்டுவிட்டால் 'வாங்க சாமி, உக்காருங்க சாமி' என்பான். பயம். வருஷா வருஷம் அவன் அம்மா மாலை போட்டவர்களை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுவார். மகன்தான் ஒவ்வொரு சாமிக்கும் கால் கழுவ வேண்டும்.

நீ நடந்து, பேசி, கூட்டத்தில் அழாமல் இருக்கும் வரை பொறுத்தேன். உனக்கு அஞ்சு வயதானதும், நம்ம ஊர்க் குருசாமியிடம், தையல் கடை வைத்திருக்கிறாரே அவரிடம், போய்க் கேட்டேன்.

"சின்னப் பொண்ணு. மாலை போடலாங்களா?"

"தாராளமா. மாலை போட்ட பொண்ணு மாளிகைபுரத்து அம்மனாச்சே! நாங்கல்லாம் அவ கால்ல வுழணும்."

உனக்கும் எனக்கும் மாலை போட்டார். கருப்புப் பாவாடையில் உன்னைத் தோளில் வைத்து மண்டிக்குள் நுழைந்தேன். அவன் எழுந்தே நின்றான்.

"வாங்க சாமி. அட, மாளிகைபுரமா! வாங்கம்மா, வாங்க."

சொல்லிவிட்டான். ஆனால் எனக்குள் ஒன்றும் குளிரவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. மறந்துபோனவனிடம் எப்படிப் பழி தீர்ப்பது?

அன்னதானத்து அன்று அவன் வீட்டுக் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். பித்தளைத் தாம்பாளத்தோடு வந்தான். உன் கால்களைத் தூக்கி வைத்துக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அந்தத் தண்ணீரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அப்போது சொன்னேன், சத்தமாக.

"மொதலாளி, இந்தப் புள்ள பொறந்தப்பதாங்க மஞ்சத் தண்ணி தெளிச்சீங்க. பொட்டத் தீட்டுன்னு."

 அவன் அம்மா கரண்டியோடு வந்தார்.

"சாமி என்னடா சொல்லுது?"

"அது எப்பவோம்மா... வெளையாட்டுக்கு..."

"எதுடா வெளையாட்டு? வுழுடா கால்ல. தப்புன்னு சொல்லு."

விழுந்தான். "தப்புதாம்மா, தாயே" என்றான். அவன் நெற்றி உன் விரலில் பட்டதும் நீ காலை இழுத்துக்கொண்டாய்.

"அப்பா, இந்த மாமா கிச்சுகிச்சு மூட்டுறாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இலை போட்டதும் ரசம் கேட்டேன், அப்பளம் கேட்டேன், பாயசம் ரெண்டு தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அவன் குனிந்து, "போதுங்களா சாமி?" என்று கேட்க வேண்டியிருந்தது. அவ்வளவு ருசியான சாப்பாடு நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் இல்லை.

அதற்குப் பிறகு அவன் என்னை 'டேய்' சொல்லவில்லை. வேலையை விட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. நாம் வருஷா வருஷம் மாலை போட்டோம். வருஷா வருஷம் அவன் உன் காலைக் கழுவினான். கணக்கு தீர்ந்தது என்றுதான் இருந்தேன்.

போன ஐப்பசியில், 2007இல், நீ பெரிய மனுஷியானாய். சடங்கு முடிந்து ஒரு மாலையில் குருசாமி நம் வீட்டுக்கு வந்தார். வெற்றிலையை மடித்துக்கொண்டே அன்பாகத்தான் பேசினார்.

"பாப்பாவுக்கு இனிமே மாலை வேணாம்ப்பா. தீட்டு. அவ தம்பிக்குப் போட்டுருவோம்."

அதே சொல். மண்டிக்காரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சொன்னான், இவர் வெற்றிலையை மென்றுகொண்டு சொன்னார். நீ அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் கேட்டேன்.

"அஞ்சாறு வருசமா நீங்க இவ கால்ல வுழுந்தீங்களே, குருசாமி?"

"அப்ப கொழந்த. இப்ப பொம்பள. நானா சொல்றேன்? மலையோட வழக்கம்."

"அப்ப எங்க வூட்டுலேருந்து யாரும் வர மாட்டோம். நானும் வரல, தம்பியும் வர மாட்டான்."

"அப்படிச் சொல்லாதப்பா. சாமி கோவிச்சுக்கும்."

"கோவிச்சுக்கட்டுங்க. நானும் கோவமாத்தான் இருக்கேன்."